முழுசாய் அடித்த மணி

உடம்பு கிடைக்காமல் போனால் ஆள் உயரத்துக்கு ஒரு வாழைமரத்தை வெட்டி, செத்தவன் சட்டையை அதற்கு மாட்டி, அதையே பிணமாக வைத்துக் கொள்ளி போடுவது அயனம்பாக்கத்தில் அந்தக் குடும்பத்து வழக்கம். ஏரி உடைத்துக்கொண்ட வருஷம் வெள்ளத்தில் போன ஒரு பெரியப்பனுக்கு அப்படித்தான் செய்தார்கள். இப்போது தினேஷுக்குச் செய்ய வேண்டும் என்று அவன் சித்தப்பா ஜானகிராமன் கத்தியோடு வந்து நின்றார். தினேஷின் மனைவி கோமளா கொல்லைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வழி விடவில்லை.

"உசுரோட கீற மனுஷனுக்கு இன்னாத்துக்கு மாமா கொள்ளி?"

"கப்பலே கடலுக்கு அடியில கெடக்குதுன்னு டிவிக்காரன் படம் போட்டுக் காட்டறான். உனுக்கு மட்டும் தனியா சேதி வந்துதா?"

"வந்துதே. மத்தியானம் மணி அடிச்சாரே."

"இத பார்ரா, மறுபடியும் மணி! கோயில்ல கூட இத்தினி வாட்டி அடிக்க மாட்டான்" என்று கத்தியைச் சுவரோரம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார் அவர். கல் மனசுக்காரர் இல்லை. தூக்கி வளர்த்த பிள்ளைக்கு எப்படியாவது ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்ற பதைப்பு.

ஆவடியில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக முதுகு ஒடிந்தது போதும் என்று கப்பலுக்குப் போனவன் தினேஷ். யூரியா ஏற்றின சரக்குக் கப்பல். முதலாளி ஒரு நாட்டான், கொடி இன்னொரு நாட்டுக்கு, சண்டையோ சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு பேருக்கு. தண்ணீருக்கு அடியில் பதுங்கியிருந்த நீர்மூழ்கிக்கு இதெல்லாம் எதற்கு? உள்ளே ஸ்பானர் பிடிக்கிறவன் எந்தத் தாய் பெற்ற பிள்ளை என்று கேட்டா அடிப்பான்?

மணி விஷயம் இதுதான். கப்பல் போனில் பேசினால் கார்டு கற்பூரமாய்க் கரையும். அடித்துவிட்டு வைத்தால் செலவில்லை. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். அவன் அடிப்பான், அவள் எடுக்கக் கூடாது. அடித்தால் 'நல்லாகீறேன்' என்று அர்த்தம். புதிதில் ஒருநாள் ஆசை தாங்காமல் எடுத்துவிட்டதற்கு, "உன்ன யார்டி எடுக்கச் சொன்னது?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் எடுத்ததே இல்லை.

கப்பலைக் காலையிலேயே அடித்துவிட்டதாக டிவி சொன்னது. அவளுக்கு மணி வந்ததோ அன்றைக்கு மத்தியானம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற கம்பெனியில் அவள் பேக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக ஒரு தடவை கூவி அடங்குகிற போன், அன்றைக்கு முழுசாய் அடித்து ஓய்ந்தது. "இன்னாக்கா, மாமனுக்கு இன்னிக்குப் பாசம் பொங்குது" என்று பக்கத்தில் இருந்த நிவேதிதா கிண்டல் பண்ண, இவளும் சிரித்தாள். சாயங்காலம்தான் செய்தி வந்தது. அடிபட்ட பிறகு அடித்திருக்கிறான் என்றால் தப்பித்துவிட்டான் என்றுதானே பொருள்? ஏதோ ஒரு கரையில் கிடக்கிறான். பாஷை தெரியாமல் முழிக்கிறான். வருவான். அந்த ஒரு மணியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மாமியார் பொன்னம்மாளோ பிள்ளை போய்விட்டான் என்று முதல் நாளே நம்பிவிட்டாள். "சுத்தி உப்புத்தண்ணி. நாக்கு வறண்டு கெடப்பான்டி. ஒரு வாய் நல்ல தண்ணி ஊத்தணும்னா காரியம் பண்ணாத்தானே முடியும்?" என்று அழுவாள். கோமளா எழுந்து போய்விடுவாள்.

ஜானகிராமன் டீக்கடையில் இருந்த நேரத்தில்தான் முகமது இஸ்மாயில் வந்தான். பூந்தமல்லிக்காரன், அதே கப்பலில் சமையல்காரன். பிழைத்து ஊர் வந்த சிலரில் ஒருத்தன். இடது கையில் மாவுக்கட்டு. யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வாசலில் நின்றவனைக் கோமளா, மாமியார் கண்ணில் படாமல், சந்து வழியாகக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய், குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தாள்.

"எந்த ஊர்ல கீறாரு? ஆஸ்பத்திரியிலயா?"

இஸ்மாயில் மாவுக்கட்டின் விளிம்பைப் பிய்த்தான்.

"அன்னிக்கு மத்தியானம் எனுக்கு அடிச்சாருப்பா. மிஸ்டு கால். அடிபட்டதுக்கு அப்பாலதானே அடிச்சாரு?"

"ஆமா அண்ணி. அடிபட்டதுக்கு அப்பாலதான்." அவன் தலை குனிந்தது. "ஆனா கப்பல் மேலேர்ந்துதான் அடிச்சாரு."

காலையில் விழுந்த முதல் அடியில் இன்ஜின் ரூம் போனது. கப்பல் உடனே முழுகவில்லை. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மத்தியானம் வரைக்கும் மிதந்தது. உதவிக்கு வருகிறேன் என்ற கப்பல் வரவில்லை. கேப்டன் போனை எடுத்து வெளியே வைத்து, ஆளுக்கொரு தடவை ஊட்டுக்குப் பேசிடுங்கப்பா என்றார்.

"நான் எங்கம்மா கிட்ட பேசிட்டு அண்ணன் கையில குடுத்தேன். ரொம்ப நேரம் அடிச்சிகினே கீந்துது. நீங்க எடுக்கல."

 எஸ்டேட்டில் தான் சிரித்த சிரிப்பு கோமளாவுக்கே கேட்டது.

"மறுபடி அடிக்கலியா?"

"நான் சொன்னேன் அண்ணி. இன்னொரு தபா அடி அண்ணான்னேன். சிரிச்சாரு. 'மிஸ்டு கால்னு நெனச்சிகினு கீறா, இஸ்மாயிலு. நல்லாகீறேன்னு நெனச்சி சந்தோஷமா இருப்பா. உடு, இருக்கட்டும்'னாரு. அடுத்த ஆள் கிட்ட போனைக் குடுத்துட்டாரு."

பின்பக்கத்துப் படகு இறங்காமல் மாட்டிக்கொண்டது. ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். சுத்தியலோடு போனான். நீ முன்னாடி போய்க் குதி, இதைத் தட்டி உட்டுட்டு வரேன் என்று இஸ்மாயிலைத் தள்ளிவிட்டான். ரெண்டாவது அடி அங்கேதான் விழுந்தது.

"கண்ணால பாத்தேன் அண்ணி. அந்த எடமே இல்ல. நீங்க காத்துகினு கீறீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

அவன் அழுதான். கோமளாவுக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு நாலு அடி தூரத்தில் இருந்த போனை எடுக்காத கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது. பொன்னம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் போன் குடுத்தாங்களாமே. அது மட்டுந்தான் காதுல உழுந்துது. எம்புள்ள யாராண்டயும் பேசலியா, நைனா?"

இஸ்மாயில் கோமளாவைப் பார்த்தான். அடித்தான், எடுக்க ஆளில்லை என்று சொன்னால் கிழவிக்கு இன்றைக்கே மூச்சு நின்றுவிடும்.

"பேசினாரு அத்தை" என்றாள் கோமளா. "எங்கிட்ட பேசினாரு."

"மிஸ்டு காலுன்னு சொன்னியேடி."

"பொய் சொன்னேன்."

பொன்னம்மாள் வந்து அவள் முதுகில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். "எம்புள்ள கொரலை நீயே வெச்சிகினு கீந்தியாடி பாவி! இத்தினி நாளா பெத்தவளாண்ட சொல்லத் தோணலியா? நீ நல்லா இருப்பியா?" இஸ்மாயில் தடுக்க எழுந்தான். வேண்டாம் என்று கோமளா கை காட்டினாள். அடி வாங்குவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த ஜானகிராமன் கதவருகே நின்றார். கோமளா அவரிடம், "வெட்டிடுங்க மாமா" என்றாள். "அவரோட நீலச் சட்டை பீரோவுல கீது. அத்தையை எடுத்துக் குடுக்கச் சொல்றேன்."

கை ஓய்ந்த பொன்னம்மாள் மருமகள் காலடியிலேயே உட்கார்ந்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா கேட்டான்? அதையாவது சொல்லு."

கோமளாவும் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அம்மா இன்னா பண்ணுதுன்னாரு. முட்டி வலி எப்டி கீதுன்னு கேட்டாரு. தைலம் தேச்சி உடுறியான்னு கேட்டாரு."

"பயந்துகினு பேசினானா?"

"இல்ல அத்தை. சிரிச்சாரு." அது ஒன்றுதான் நிஜம்.

"அப்பால?"

வாழைமரத்தில் முதல் வெட்டு விழுந்தது. கோமளா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். ராத்திரி தனியாகப் படுக்காதே, பூரான் வரும். மோட்டார் சத்தம் போட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, நீயே நோண்டாதே. பேக்கிங்கில் நின்றுகொண்டே இருக்காதே, நடுவில் உட்காரு. எடுத்திருந்தால் இதைத்தான் பேசியிருப்பான். சொல்லச் சொல்ல அவன் குரலிலேயே வந்தது.

"அப்பால?" என்றாள் பொன்னம்மாள்.