இல்லாத குண்டூசிகள்

கைபேசியை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்து, கேமரா டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எடுத்துப் பார்த்தால் அதே கதைதான். 'உங்க துணி நாளைக்கு ரெடி' என்று பொய் சொல்லும்போது வாடிக்கையாளரிடம் காட்டுகிற சிரிப்பு.

தன்னைத்தானே படம் எடுத்துப் பார்க்கிற இந்தப் பைத்தியம் தையல்காரிக்குப் பிடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. பக்கவாட்டில் எடுத்தாள், குனிந்தபடி எடுத்தாள். ஒருமுறை முதுகைக்கூட எடுத்தாள்; அந்தக் கூனல் தன்னுடையதுதான் என்று நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கணவனுக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது.

"இந்த மூஞ்சியத்தானே இத்தன வருஷமா நான் பாக்குறேன். அதுல அப்படி என்ன இருக்கு?"

"நீங்க பாத்துட்டீங்க. நான் இன்னும் பாக்கலையே."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் போன வாரம் மகள் ஏதோ கோபத்தில் சொன்னது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. 'உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வந்ததே தொண்டைல நின்னுடுதும்மா.' பெற்ற பிள்ளையையே வாயடைக்க வைக்கிற அந்த முகம் எப்படித்தான் இருக்கும்? அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். டைமர் வைத்தால் அது எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது.

அதனால் இன்று ஒரு தந்திரம் செய்தாள். நிமிடத்துக்கு ஒரு படம் தானாக விழும்படி வைத்து, சத்தத்தையும் அணைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். ஒரு கவுனுக்கு இடுப்புப் பிடிக்க வேண்டியிருந்தது. வழக்கம்போலக் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் கைபேசியின் ஞாபகமே போய்விட்டது.

மதியம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. நெரிந்த புருவம், இறுகிய உதடு, சண்டைக்கு ஆள் தேடுகிற பார்வை. வாயில் குண்டூசி இருந்தால் யார் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அடுத்தடுத்த படங்களில் குண்டூசிகள் எல்லாம் துணியில் ஏறிவிட்டிருந்தன. வாய் மட்டும் அப்படியே இருந்தது. மெஷினை மிதிக்கும்போதும், தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரும்போதும், இல்லாத ஊசிகளைக் கவ்விக்கொண்டே இருந்தது.

பிறகுதான் ஒரு படத்தின் ஓரத்தைக் கவனித்தாள். பக்கவாட்டு வாசலில் திரையைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். எதையோ சொல்லப்போகிறவள் போல வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த படத்திலும் அங்கேயே நின்றாள், வாய் மூடியிருந்தது. அதற்கடுத்ததில் திரை மட்டும்தான்.

நிமிடத்துக்கு ஒரு படம். அப்படியென்றால் அந்தப் பெண் ஒரு முழு நிமிடமாவது அங்கே நின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

மீதிக் குண்டூசிகளை டப்பாவில் போட்டு மூடினாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன்."

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"நீ ஒண்ணும் பண்ணலடி. காலைல ஏதோ சொல்ல வந்தியே."

காலடிச் சத்தம் வந்து திரைக்குப் பின்னால் நின்றது. உதடு இப்போது எப்படி இருக்கிறதென்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். திரை மெல்ல அசைந்தது.