வலி எத்தனை?

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்சுகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஸ்ரீகாந்த் என்பவர் வந்தார். அதற்கு முன் நட்சத்திர ஓட்டலில் வேலை பார்த்தவர். நோயாளி என்ற சொல்லே இனிக் கூடாது, 'விருந்தினர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். பதினோரு வருடமாக அங்கே ஊசி போட்டும் மலம் துடைத்தும் வரும் ரேணுகா பின்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். குளுக்கோஸ் ஏற்றியா விருந்து வைப்பார்கள்?

ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். தாங்கள் யார் என்று சொல்லி, நலம் விசாரித்து, வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும்படி பணிவாகக் கேட்கும் ஏழு வரி. கூடவே புன்னகை. வார்டில் முப்பத்திரண்டு படுக்கை, மூன்று நர்ஸ். அந்த ஏழு வரி இரண்டாம் நாளே "வலி எத்தனைம்மா?" என்று தேய்ந்துபோனது. ரேணுகாவும் அப்படித்தான் கேட்டாள்.

நசீம் பானு பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளாகப் படுத்திருந்தார். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். "ரெண்டு" என்றார். பத்துக்கு இரண்டு என்று எழுதிவிட்டு ரேணுகா அடுத்த படுக்கைக்குப் போனாள். சாயங்கால நர்சும் இரண்டு என்றே எழுதினாள்.

மறுநாள் காலை, யார் எவ்வளவு சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஸ்ரீகாந்த் வார்டுக்கே வந்துவிட்டார். ரேணுகா நசீம் பானுவிடம் போனாள். அந்த அம்மாளின் உதடு வெளுத்திருந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அட்டையைப் பார்த்துச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் ஸ்ரீகாந்த், பின்னாலிருந்து.

ரேணுகா அவர் பக்கம் திரும்பவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்கம்மா வலிக்குது?"

"நேத்துலேர்ந்து சொல்லிக்கினேதானே கீறேன். ரெண்டு. கெண்டைக்கால்ல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு. அல்லாரும் எத்தனைன்னு கேட்டீங்க. எங்கன்னு யாரு கேட்டா?"

 ரேணுகா சட்டென்று போர்வையை விலக்கினாள். இடது கால் வீங்கி, தொட்டால் சுட்டது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். ஆக்சிஜன் எண்பத்தெட்டு. ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு டாக்டர் அருளுக்குப் போன் செய்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருந்தது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஸ்ரீகாந்த் திரையில் ஒரு படம் போட்டார்: 'நமது வலி எண் முறையால் உயிர் பிழைத்த விருந்தினர்.' கைதட்டினார்கள்.

ரேணுகா எழுந்தாள். "அந்த நம்பராலதான் சார் அவங்க சாகக் கிடந்தாங்க. ரெண்டுன்னு எழுதினதுல நானும் ஒருத்தி."

"நெகட்டிவா பேச வேணாம் சிஸ்டர்" என்றார் ஸ்ரீகாந்த். தலைமை நர்ஸ் ஜெகதாம்பாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையில் எட்டாவதாக, வலி எங்கே என்று கேட்கும் ஒரு வரி சேர்ப்பது என்று முடிவானது. அதற்கும் கைதட்டினார்கள்.

ரேணுகா நேராக ஐசியுவுக்குப் போனாள். நசீம் பானு தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பத்துக்கு இரண்டு என்று எழுதியதையும், ஏன் அப்படி எழுதினாள் என்பதையும் ரேணுகா மறைக்காமல் சொன்னாள். திட்டு விழும், இல்லாவிட்டால் போகட்டும் விடு என்பார் என்று நினைத்தாள்.

அந்த அம்மாள் கஞ்சியைக் கீழே வைத்தார். "நான் ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கச்சொல்லோ கூட, எங்க பிடிக்குது, எங்க தளருதுன்னு கேப்பேன். துணிக்கே அவ்ளோ கேக்கணும்."

 ரேணுகா அவருடைய காலைத் தொட்டு, வீக்கம் வடிந்திருக்கிறதா என்று பார்த்தாள்.