பதினேழாம் எண் ஊற்று

மே பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஊர்ப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். ஜன்னலோரம் வரைபடத்தை விரித்தபடி நீரியல் ஆய்வாளர் கமீல் ஒர்டேகா. எதிரே, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க, மாடு வளர்க்கும் வெர்லா. அவள் பக்கத்தில், காப்பிக் குடுவை கைக்கெட்டும் தூரத்தில், தம்பி டூயி. நிலக்கரிச் சுரங்கத்தில் இரவு முறை முடித்து நேராக வந்திருந்தான். மேசை முனையில் நான், ஆர்டெல். மேய்ச்சல் சங்கத்தின் கடிதங்களை எழுதுபவன்.

எங்கள் மாடுகள் மேயும் மலைப் பொது நிலத்தின் அடியில் சுரங்கத்தை நீட்டப்போகிறார்கள். கரி எடுத்த இடத்துக்கு மேலே நிலம் இரண்டு மூன்றடி இறங்கும். ஊற்று இருந்தால் மறைந்துபோகலாம். கமீலின் ஆய்வை வைத்து எழுதிய பாதிப்பு அறிக்கையின் பட்டியலில் உள்ள ஊற்று வற்றினால் சுரங்கம் தண்ணீர் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. வெர்லாவின் அறுபது மாடுகள் கோடை முழுதும் குடிக்கும் பதினேழாம் எண் ஊற்றுக்கு நேரே, "வறண்டது, நீக்கலாம்" என்று அச்சாகியிருந்தது.

"எந்தக் கண்ணால பாத்தேம்மா?" என்றாள் வெர்லா.

"அக்டோபர் இருபத்தெட்டுல போனேங்க. மாட்டுத் தொட்டில ஒரு சொட்டு இல்ல. போட்டோகூட இருக்கு," என்றாள் கமீல்.

"எப்படி இருக்கும்? குளிருக்கு மாட்டை மலையிலேருந்து கீழ இறக்கின அன்னிக்கே வால்வை மூடிடுவோம். இல்லேன்னா குழாய் உறைஞ்சு வெடிச்சிடும். ஊத்து இருக்கறது முந்நூறு கெஜம் மேல, மூடின பெட்டிக்குள்ள. அங்கேருந்துதான் குழாய்ல தொட்டிக்கு வருது."

"பெட்டியை நான் பாக்கவே இல்லியே!"

"புதருக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கு," என்றான் டூயி. "கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மாமாவுக்கே அக்கா அதைக் காட்டிச்சு."

"வாயை மூடுடா."

கமீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பு என் மேலதான். ஆனா நானே மாத்த முடியாது. அளவு, தேதி, சாட்சியோட கடிதம் வரணும். கருத்து அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி நாள், இன்னிக்குத் தேதி முத்திரை விழுந்தாகணும்."

தபால் நிலையம் நாலரைக்கு மூடும். நாங்கள் மூவரும் டூயியின் டிரக்கில் ஏறினோம். சேற்றுப் பாதையில் இரண்டு மணி நேரம்.

வெர்லா பெட்டிவரை ஏறி வால்வைத் திருகிவிட்டு, நாங்கள் நின்ற தொட்டிக்கு இறங்கி வந்தாள். ஒன்றும் வரவில்லை. டூயி குழாய் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். குழாய் ஒரு இருமல் இருமி, குளிர்காலத்துச் சேற்றையெல்லாம் அவன் முகத்தில் துப்பியது.

"ராத்திரி பூரா கரிக்குள்ள நின்னேன், இவ்வளவு அழுக்காகல!"

ஐந்து கேலன் வாளி பதினைந்தே நொடியில் நிரம்பியது. "எழுதிக்கோ ஆர்டெல்!" என்று குதித்தாள் வெர்லா.

"இது பெட்டில தேங்கின தண்ணி. வடியட்டும்," என்றேன்.

"யாரு கேக்கப்போறா?"

"நாளைக்கு அளக்க வர்றவங்க கேப்பாங்க."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் மூன்று முறை என்னைப் பிடிவாதக்காரக் கழுதை என்றாள். பிறகு மூன்று வாளி பிடித்தோம்: முப்பத்தெட்டு நொடி, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டு கேலன்.

"அறுபது மாட்டுக்குப் போதும், மிச்சம்கூட இருக்கும்," என்றாள், சற்றுத் தணிந்து.

நான்கு மணிக்குத் தபால் நிலைய மேசையருகே நின்றபடி எழுதினேன். இடம், நேரம், வால்வு மூடும் வழக்கம், மூன்று அளவுகள், கோடையில் மறுபடி அளக்க வேண்டுகோள்.

"முட்டாள் அறிக்கைன்னும் ஒரு வரி போடு," என்றாள் வெர்லா.

"முடியாது."

சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே டூயி "நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி" என்று பெரிதாக எழுதினான். வெர்லா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உன் மேஸ்திரி பாத்தா என்னடா ஆகும்?"

"சுரங்கத்தை மூடவா சொல்றோம்? இருக்கற ஊத்தை இருக்குன்னு எழுதச் சொல்றோம். அவர் குதிரையும் அந்தத் தொட்டிலதானக்கா குடிக்குது."

அவள் அவன் காதோரச் சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு உறையின் பசையை நாவால் நனைத்து ஒட்டி, இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த தபால்கார அம்மாள் மே 14 என்று முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டினாள்.