பயனுள்ளது என்றொரு சொல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவருடைய மனைவி வைத்த பெயர் 'சல்லடை'. பள்ளி செல்லும் தம் பிள்ளைகள் இருவரும் பார்க்கவிருக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி எதுவாயினும், அவர் முன்னதாகவே பார்த்துச் சலித்துவிடுவார். தேறியதைப் 'பயனுள்ளது' என்று அறிவித்த பின்னரே வீட்டில் ஓடவிடுவார்.

அன்று மாலை தேனீக்களைப் பற்றிய படமொன்றைத் தொடங்கிவிட்டு, பாட்டு வகுப்பிலிருந்து திரும்பிய மகளை அழைத்தார்.

"வகுப்பு எப்படிம்மா இருந்துச்சு?"

"ரொம்பப் பயனுள்ளதா இருந்துச்சுப்பா."

அவளுடைய தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுல சிரிக்க என்னடா இருக்கு?"

மனைவிதான் போட்டு உடைத்தார். "எல்லாம் நீங்க காட்டுற படத்தாலதாங்க. இவங்க ரெண்டு பேருக்குள்ள, பயனுள்ளதுன்னா தூக்கம் வருதுன்னு அர்த்தம். காலையில இருமல் மருந்தைக்கூடப் பயனுள்ளதுன்னுதான் துப்பினான்."

அவருக்கு எரிச்சல் பொங்கியது. "கண்ணு பூத்துப்போற அளவுக்குத் தேடி எடுக்கறேன். கண்டதையும் பாத்துக் கெட்டுப் போகட்டும்னு விடவா?"

"கெட்டா போயிட்டோம்? சித்தப்பா வீட்டுலதான் தினமும் பாக்கறோமே!" என்று மகன் உளறிவிட்டான். அக்காள் அவனைக் கிள்ளினாள்.

"அங்க என்ன பாக்கறீங்க?"

எதையும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லும் மகள், இப்போது "சும்மா ஏதோ" என்று மழுப்பினாள். பிள்ளைகள் தம்மிடம் மறைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதே அவரை மிகவும் சுட்டது.

அவர் தேனீக்களை நிறுத்தினார். கோபம் தணியவில்லை, ஆயினும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க பாக்கறதை இங்கயே போடுங்க. நானும் உக்காந்து முழுசா பாக்கறேன்" என்றார்.