மாத்திரைக்கு மேல் ஒரு ஊசி

வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? சளி, காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு எதுவும் இல்லையே? ஒப்புக்குக் கேக்கல. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. நான் ஒரு ஆஸ்பத்திரித் தாள்ல "இல்லை"ன்னு டிக் போட்டுட்டு வந்தவ. இந்தக் கதை அந்த டிக்லதான் பிறந்துச்சு.

மொதல்லயே சொல்லிடறேன், இது என் கதை. "நான்"னு எழுதினா என் பக்கமே சாஞ்சு எழுதிடுவேன்னு பயந்து "அவள்"னு ஆரம்பிச்சேன். முப்பது வருஷம் சலவைக்கடை நடத்தினவ அவ. அதனால இஸ்திரிக்காரம்மான்னு கூப்பிடுவோம். என்னைத் தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. பிடிக்கட்டும்.

காலையில எட்டு மணியிலேருந்து லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கேன். பக்கத்துல போன். அது அடிக்காம இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நல்ல நிமிஷம்.

1

தொடக்கம் ஒன்று: "தடுப்பூசி போடும் அறையில் ஏழு நாற்காலிகள் இருந்தன." (நாற்காலியை எண்ணிக்கிட்டு இருந்தா கதை எப்ப நகரும்? வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: "பேத்தி பிறந்து பத்தொன்பது நாட்கள் ஆகியும் இஸ்திரிக்காரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை." (உண்மைதான். ஆனா படிச்ச உடனே நீங்க "ஐயோ பாவம்"னுடுவீங்க. அது எனக்கு ரொம்ப வசதி. வசதியா இருக்கிறதாலயே சந்தேகமா இருக்கு.)

தொடக்கம் மூன்று: "தனக்குக் காய்ச்சல் இருப்பது அவளுக்கே தெரி

(பாத்தீங்களா, "தெரியாது"ன்னு எழுத வந்துட்டேன். தெரியும்.)

தொடக்கம் நான்கு: "காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, இஸ்திரிக்காரம்மா ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளப் புறப்பட்டாள்."

இதுதான். இங்கேருந்து போவோம்.

2

குழந்தை இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள், பகல் ஒரு மணிக்கு, பத்து நிமிடம். அதற்கும் தடுப்பூசி போட்ட சீட்டு வேண்டும். முந்தின நாள் மாலை மகள் போன் செய்தாள்.

"அம்மா, நாளைக்கு ஊசியைப் போட்டுட்டு நேரா மேல வந்துடு. சீட்டு இல்லாம சிஸ்டர் உள்ள விடவே மாட்டாங்க."

"உன் மாமியார் மட்டும் போன வாரமே பாத்துட்டாங்களே."

"அவங்க எப்பவோ ஊசி போட்டவங்க. நீதான் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்ச."

"மூக்கு அவங்க வம்சத்து மூக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வராங்க. நானும் ஒரு தடவை பாக்க வேண்டாமா?"

"வந்து பாரு, யாரு வேண்டாம்னா? ஆமா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்கி எழுந்த குரல்டி."

(அப்போ சாயங்காலம் மணி ஆறு.)

\* இது அடிக்குறிப்பு மாதிரி. இஸ்திரிப் பெட்டி பிடிச்ச கை இது. புறங்கையைக் கிட்ட கொண்டு போனாலே பெட்டி பட்டுக்கான சூடா, பருத்திக்கான சூடான்னு சொல்லிடுவேன். தெர்மாமீட்டரை நான் நம்பினதே இல்ல. வீட்டுல யாருக்கு உடம்பு சுட்டாலும் என் கைதான் நெத்திக்குப் போகும். ஆனா என் கையை என் நெத்தியிலேயே வச்சா? ரெண்டும் ஒரே சூடு, ஒண்ணும் தெரியாது. நேத்து காலையில வச்சுப் பாத்தேன். "ஒண்ணுமில்ல"ன்னுச்சு கை. அப்புறம் எதுக்கு மாத்திரை போட்டேன்னு கேளுங்க. நீங்க கேக்கணும்.

3

ஊசி அறையில் கூட்டம். இஸ்திரிக்காரம்மாவின் முறை வரும்போது மணி பன்னிரண்டேகால். தாளில் "இன்று காய்ச்சல் உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே அவள் போட்ட டிக்கை நர்ஸ் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"முகம் சிவந்திருக்கேம்மா?"

"வெயில்ல நடந்து வந்தேன்."

நர்ஸ் தெர்மாமீட்டரை நெற்றிக்கு நேரே பிடித்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

"சரியாத்தான் இருக்கு. லேசா சளின்னா போட்டுடுவோம். காய்ச்சல்னா ஆறினதும் வாங்கன்னு அனுப்பிடுவோம். அதுக்குத்தான் கேட்டேன். ஊசி எங்கேயும் ஓடிப் போயிடாது."

"போட்ட உடனே வேலை செய்யுமா?"

"ரெண்டு வாரம் ஆகும்மா."

"அப்போ இன்னிக்கே ஒருத்தங்க குழந்தையைப் பாக்கப் போனா..."

"ஒருத்தங்க?"

"ஒண்ணுமில்ல. போடுங்க."

(இந்த நர்ஸை மொதல் தடவை சிடுமூஞ்சியா எழுதிட்டேன். சிடுமூஞ்சிகிட்ட பொய் சொன்னா உறுத்தாது பாருங்க. அழிச்சிட்டேன். நிஜத்துல அவ பஞ்சை அழுத்திப் பிடிச்சிக்கிட்டே, "பேத்தியைப் பாக்கவா? சந்தோஷமாப் போயிட்டு வாங்க. பதினஞ்சு நிமிஷம் மட்டும் இங்க உக்காருங்க, மயக்கம் ஏதாவது வருதான்னு பாக்கணும்"னா. தண்ணி வேற கொண்டு வந்து குடுத்தா.)

இஸ்திரிக்காரம்மா உட்கார்ந்தாள். எதிரே சுவர்க்கடிகாரம். மாத்திரை போட்டு ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. முதலில் முழங்கால்களில் குளிர் ஏறியது. பிறகு முதுகில். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆறு நிமிடம். ஏழு. தொண்டையில் ஒரு இருமல் வந்து நின்றது. விழுங்கினாள். நர்ஸ் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சிரித்தாள். சீட்டு ஏற்கெனவே கையில் இருந்தது. லிஃப்ட் பத்தடி தூரத்தில் இருந்தது. இப்போதுகூட எழுந்து போய் நர்ஸிடம் உண்மையைச்

இப்போதுகூட

(இந்த வாக்கியம் முடிய மாட்டேங்குது. அதை அப்படியே விட்டுட்டு லிஃப்ட்ல ஏறுவோம். நான் ஏறினேன்.)

4

"அவள்" போதும். இனிமே நான்.

மூணாவது மாடியில என் மக வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. பத்தொன்பது நாள்ல பாதியா இளைச்சுப் போயிருந்தா. என்னைக் கட்டிப் பிடிக்க வந்தா. "மொதல்ல கை கழுவிக்கிறேன்"னு விலகிட்டேன். அவ்வளவு புத்தி இருந்துச்சு எனக்கு. அதுக்கு மேல இல்ல.

சிஸ்டர் முகக்கவசம் குடுத்துட்டு, "சளி, இருமல் ஏதாவது..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். எங்கம்மா ஊசி போட்டுட்டுதான் வந்திருக்காங்க"ன்னா என் மக. எவ்வளவு பெருமையாச் சொன்னா தெரியுமா?

நான் வாயைத் திறக்கவே இல்ல. எனக்காக அவ பொய் சொன்னா. அது பொய்னே அவளுக்குத் தெரியாது.

குழந்தை ஒரு முழம்கூட இல்ல. மூக்கு யாரு மூக்குன்னு பாக்கவே மறந்து போச்சு. கண்ணாடியில இருந்த வட்டத் துளை வழியா ஒரு விரலை நீட்டினேன். பட்டுனு பிடிச்சிக்கிட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"சிஸ்டர், குழந்தை கை ஜில்லுன்னு இருக்கு! ஜில்லுன்னு!"

சிஸ்டர் ஓடி வந்து பெட்டி மேல இருந்த எண்ணைப் பாத்தாங்க. "இல்லைங்கம்மா, அவளுக்குச் சரியான சூடுதான். ஒரு குறையும் இல்ல."

மக சிரிச்சா. "பாத்தியாம்மா, உன் கை இப்பத்தான் மொதல் தடவை தப்பு சொல்லுது."

தப்பு சொல்லல. குழந்தை ஜில்லுன்னு இல்லைன்னா வேற என்ன அர்த்தம்? சுட்டது நான். விரலை உருவிக்கிட்டேன். அவ விட மாட்டேன்னு ஒரு நொடி இழுத்தா.

5

இப்போ முடிவுகள்.

முடிவு ஒன்று: "லிஃப்ட் கதவு திறந்தது. இஸ்திரிக்காரம்மா உள்ளே போகவில்லை. சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்." (எவ்வளவு அழகா இருக்கு! எழுதிட்டு நானே அழுதேன். நடக்காத நல்லதுக்கு அழுத அழுகை.)

முடிவு இரண்டு: ஒண்ணும் ஆகல. முகக்கவசம் காப்பாத்திடுச்சு. குழந்தை வளந்து வீட்டுக்கு வந்துடறா. யாருக்கும் எதுவும் தெரியாது. (நடக்கலாம். நேத்துலேருந்து கும்பிட்டுக் கேக்கறது இதைத்தான். ஆனா இது நடந்தா, சாகற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்கு நல்லாத் தெரியும்.)

முடிவு மூன்று:

(எழுத மாட்டேன்.)

6

இன்னிக்குக் காலையில பக்கத்து வீட்டுல தெர்மாமீட்டர் வாங்கினேன். கதவைத் திறக்காம, ஜன்னல் வழியா. நூத்தியொண்ணு புள்ளி ஆறு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி.

ஒன்பது மணிக்கு மக மெசேஜ் அனுப்பினா. அப்படியே தரேன்:

"அம்மா, கை வலிக்குதா? காய்ச்சல் அடிச்சா பயப்படாதே. ஊசி போட்டா சில பேருக்கு ஒரு நாள் உடம்பு சுடுமாம், சிஸ்டர் சொன்னாங்க. பாப்பா நேத்து நல்லாத் தூங்கினா. உன் கை ராசி!"

பாத்தீங்களா, ஊசி மேலயே பழியைப் போட்டுடலாம். மகளே எடுத்துக் குடுத்திருக்கா. நான் "ஆமாடி, ஊசிக் காய்ச்சல்தான்"னு நாலு எழுத்து அடிச்சா முடிஞ்சது. அடிச்சும் பாத்தேன். அனுப்பல. அழிச்சிட்டேன். மறுபடி அடிச்சேன். மறுபடி அழிச்சேன்.

சொன்னா என்ன ஆகும்? என் மக இனி அந்த வாசல்ல எனக்காகப் பேச மாட்டா. குழந்தையை என் கையில எப்ப குடுப்பாளோ, குடுக்கவே மாட்டாளோ. சொல்லலைன்னா? குழந்தைக்கு லேசா மூச்சு வாங்கினா, எதைத் தேடணும்னு தெரியாம அந்த சிஸ்டர் நிப்பாங்க. சீக்கிரம் தெரிஞ்சா சீக்கிரம் கவனிப்பாங்க. அது எனக்குத் தெரிஞ்சும் எட்டு மணியிலேருந்து கதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

நாலு தொடக்கம் எழுதினேனே, அது கதைக்கா? இல்லைங்க. மூணாவது மாடிக்குப் போன் பண்ணினா என்ன சொல்லி ஆரம்பிக்கறதுன்னுதான் இவ்வளவு நேரம் ஒத்திகை பாத்திருக்கேன். நாற்காலியில ஆரம்பிக்கக் கூடாது. பத்தொன்பது நாள்ல ஆரம்பிக்கக் கூடாது. மாத்திரையில ஆரம்பிக்கணும். "அவள்"னு இல்ல, "நான்"னு.

நம்பர் போட்டுட்டேன். ஸ்பீக்கர்ல ரிங் போகுது. முடிவு இனி என் கையில இல்ல, அதனால எழுதவும் மாட்டேன். நீங்க எதை வேணும்னாலும் வச்சுக்கோங்க, மூணாவதை மட்டும் வைக்காதீங்க.

அவங்க எடுக்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு. நீங்களும் எங்கேயாவது இப்படி ஒரு "இல்லை"யில டிக் போட்டிருப்பீங்க. அப்புறம் அதை யார்கிட்ட சொன்னீங்க, மொதல் வார்த்தையா என்ன சொன்னீங்க? எனக்கு எழுதுங்க. சொல்லாமலே விட்டிருந்தா, அதையும் எழு