மூன்று டப்பா ஹாப்ஸும் என் மூக்கும்

அன்று பொன்மலையில் வில்மட் துரையின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ரயில்வே பட்டறையில் போர்மனாக இருந்த வில்மட் துரை. அவர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் தம்பி சௌரிராஜன். துரையின் சமையற்காரர் அற்புதசாமி. தென்னூர் அத்தர் வியாபாரி கியாசுதீன் சாயபு. ஐந்தாவதாக, ஸ்ரீரங்கம் உத்தர வீதி பராசரனாகிய நான். இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம், தாமும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கள் வீதியில் இன்று முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அந்த அறையில் ஐந்து பேருக்கும் ஒரு பீப்பாய்க்கும் மேல் இடம் கிடையாது.

நடந்தது 1936ஆம் வருஷம் தை மாதம்.

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகப் பெருமாளுக்குப் பரிமளம் சேர்க்கும் கைங்கரியம் செய்கிறது. குங்குமப்பூ, பச்சைக் கற்பூரம், சந்தனம், புனுகு இவற்றைப் பார்த்து வாங்கி, அரைத்துச் சேர்த்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அதில் ஒரு கட்டு உண்டு. பெருமாளுக்குப் போகிற பொருளை அதற்கு முன் மனிதர் யாரும் முகரக் கூடாது. ஆகவே மூக்கையும் வாயையும் வஸ்திரத்தால் கட்டிக்கொண்டு விரலால்தான் சோதிப்போம். நல்ல பச்சைக் கற்பூரம் விரல் நுனியில் குளிர்ச்சியை விட்டுப் போகும். நல்ல குங்குமப்பூவைக் கசக்கினால் சாயம் மெதுவாகத்தான் இறங்கும். விரலுக்குத் தெரிந்தது போதும் என்று எங்கள் பாட்டனார் காலத்திலேயே முடிவாகிவிட்டது.

இந்த நுணுக்கமெல்லாம் சௌரிராஜனுக்குத் தெரியும். தெரிந்தும், ஆபீசில் தன் துரையிடம், "என் அண்ணாவுக்கு இருக்கிற மூக்கு இந்த ஜில்லாவிலேயே யாருக்கும் இல்லை" என்று சொல்லியிருக்கிறான். துரை சிரித்து, "உங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு பரம்பரைப் பெருமை இருக்கிறது, காட்டச் சொன்னால்தான் யாரும் வருவதில்லை" என்றாராம்.

"என்னை ஏதாவது சொல்லியிருந்தா பொறுத்துப்பேன் அண்ணா. பரம்பரையைச் சொல்லிட்டார்" என்றான் சௌரிராஜன்.

"எதைப் பார்க்கணும்?"

"சீமையிலேருந்து வந்த பூ. காயவெச்சது. நம்ம மரிக்கொழுந்து மாதிரி வெச்சுக்கோங்கோ."

மரிக்கொழுந்து என்று நம்பி வண்டி ஏறினேன். வழியில் காவிரிப் பாலம் தாண்டும்வரை பூ என்றே பேசிக்கொண்டிருந்தவன், பொன்மலை வந்ததும், அந்தப் பூ பீருக்குப் போடுவது என்றான். வண்டியைத் திருப்பியிருக்கலாம். திருப்பினால், காட்டச் சொன்னால் வருவதில்லை என்ற துரையின் வாக்கு பலித்துவிடும். திருப்பவில்லை.

துரை வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர். ஹாப்ஸ் என்ற அந்தப் பூ பச்சை நிறத்தில், சிறு செதில்களை அடுக்கியது போல, கட்டைவிரல் நுனியளவு இருந்தது. காய்ச்சும்போது கசப்புக்காக ஒரு தடவை போடுவார்கள். பிறகு பீப்பாயில் அடைத்த பின், வாசனைக்காக, கொதிக்க வைக்காமல் உலர்ந்தபடியே ஒரு பிடி போடுவார்கள். அந்த ஒரு பிடிக்கு எந்த ஜாதி ஹாப்ஸ் என்பதுதான் கேள்வி. துரையிடம் மூன்று ஜாதி இருந்தன. கோல்டிங் என்பது ஒன்று; வாசனைக்கு அதுதான் வேண்டும். ஃபகிள் என்பது இன்னொன்று. அது போன வருஷத்துச் சரக்கு, கசப்புக்கு மட்டும் ஆகும். மூன்றாவது அமெரிக்கச் சரக்கு; அவர் மைத்துனர் அனுப்பியது, அதில் பூனை நாற்றம் அடிக்கும் என்று அவரே சொன்னார்.

இவ்வளவு தெரிந்தவருக்கு நாங்கள் எதற்கு என்று கேட்கலாம். டப்பாக்களில் எறும்பு ஏறியது என்று அற்புதசாமி மூன்றையும் வேறு டப்பாக்களில் மாற்றி, பழையவற்றைச் சீட்டோடு சேர்த்துக் கழுவி வைத்துவிட்டார். துரைக்கோ திருச்சிராப்பள்ளிப் புழுதியால் ஆறு மாதமாக மூக்கடைப்பு. சனிக்கிழமை பட்டறை நண்பர்களுக்கு விருந்து. ஆகவே பீருக்கு வாசனை பார்க்க இந்த ஊரிலேயே பீரைத் தொடாத இரண்டு பேரைத் தேடிப் பிடித்திருந்தார். ஒருவர் அத்தர் விற்கும் முஸ்லிம், மற்றவர் ஐயங்கார். துரைத்தனத்தார் காரியம் எப்போதும் இப்படித் திட்டமாகத்தான் இருக்கும்.

முதலில் சாயபு முகர்ந்தார். முதல் டப்பாவை மூடினார். இரண்டாவதையும் மூடினார். மூன்றாவதில் முகத்தைப் புதைத்தவர் வெளியே எடுக்க நேரமாயிற்று.

"இதுதான் தொரை. அசல் நெய்ப் புனுகு மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் சும்மா புல்லு" என்றார்.

சௌரிராஜன் மொழிபெயர்த்தான். புனுகு எதிலிருந்து கிடைக்கிறது என்று துரை கேட்டார்.

"பூனைங்க" என்றார் சாயபு, பெருமையாக.

அமெரிக்கச் சரக்கு எது என்பது அத்துடன் தீர்ந்தது. துரை அந்த டப்பாவை ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். சாயபு ஒரு காகிதம் கேட்டு அதில் இரண்டு பிடி கட்டிக்கொண்டார்.

மீதி இரண்டு. நான் கோயில் வழக்கப்படியே மேல் வஸ்திரத்தால் மூக்கைக் கட்டினேன்.

"சாமி, மூக்கைத் திறந்தாத்தானே வாசம் வரும். நீங்க கடையைப் பூட்டிட்டு வியாபாரம் பண்றீங்களே" என்றார் அற்புதசாமி.

முதல் டப்பாவிலிருந்து ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். பொடிந்தது. உள்ளே இருந்த மஞ்சள் தூள் பழுத்துச் சிவந்து, கையைத் தட்டியதும் உதிர்ந்தது. பழைய சரக்கு. இரண்டாவதைக் கசக்கினேன். செதில்கள் அமுங்கி மறுபடி நிமிர்ந்தன. தூள் எலுமிச்சை நிறம். விரல்களைச் சேர்த்துப் பிரித்தால் பிசின் போல இழுத்தது. "இது" என்றேன்.

"முகராமலா?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

சௌரிராஜன் சொன்னது இது: "என் அண்ணாவுக்குத் துணியைத் தாண்டியே வாசனை தெரியும். கோயிலுக்கு வாங்குவதையும் இவர் இப்படி ஒரே முகர்தலில்தான் பொறுக்குவார்."

எனக்கும் இங்கிலீஷ் தெரியும். அந்த வாக்கியத்தை அங்கேயே மறுத்திருக்க வேண்டும். துரை எழுந்து நின்று தலை வணங்கினார். நான் மறுக்கவில்லை. இதில் என் தப்பு அது ஒன்றுதான். வீட்டுக்குப் போகுமுன் கொள்ளிடத்தில் முழுகினேன். அதில் குறை வைக்கவில்லை.

பீர் நன்றாக இருந்தது என்று குடித்தவர்கள் சொன்னார்களாம். மறு வாரம் துரை ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். தென்னிந்தியாவிலேயே சிறந்த மூக்கு என்றும், கோயிலின் வாசனைப் பொருள்களையெல்லாம் ஸ்ரீ பராசரன் இந்த மூக்கால் முகர்ந்தே தேர்ந்தெடுக்கிறார் என்றும் அதில் எழுதியிருந்தது. சௌரிராஜன் அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினான். அவனுக்குப் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் பங்காளி அழகியமணவாளன் ஒரு நாள் வந்து அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை கையில் காகிதமும் பென்சிலும் இருந்தன. எங்கள் கிளை கைங்கரியத்தை இழந்தால் அடுத்த உரிமை அவருடையது. பத்து நாளில் கோயில் நிர்வாகத்தார் கூப்பிட்டனுப்பினார்கள். முகர்ந்தது நிஜமானால் நான்கு தலைமுறையும் அன்றோடு சரி.

அழகியமணவாளன் எழுதி வந்ததைத் தமிழில் வாசித்தார். உச்சரிப்பு மிகவும் உருக்கமாக இருந்தது.

"முகர்ந்ததுண்டா?" என்று கேட்டார்கள்.

"இல்லை."

"துரை கையெழுத்துப் போட்டுச் சொல்றாரே."

"அவருக்கு மூக்கடைப்பு" என்றேன்.

"அவர் எழுதினது உங்க மூக்கைப் பத்தி அண்ணா" என்றார் அழகியமணவாளன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சௌரிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டால் தீர்ந்திருக்கும். ஆனால் அண்ணனைக் காப்பாற்றத் தம்பி பொய்தானே சொல்வான் என்று எடுத்துக்கொள்வார்கள். அதையும் அழகியமணவாளன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

அப்போது கோயில் ஆபீஸ் வாசலில் கியாசுதீன் சாயபு நின்றிருந்தார். சந்தனக் கட்டை விஷயமாக வந்தவர். அனுமதி கேட்டு, வாசற்படிக்கு வெளியிலிருந்தே பேசினார்.

"அய்யா, நான் அன்னிக்கு அங்க இருந்தேன். மோந்து பாத்தது நாந்தாங்க. சாமி மோந்து பாக்கல. பாக்கவும் முடியாதுங்க. அவருக்கு மூக்குல மணமே ஏறாது. பதினஞ்சு வருசமா சரக்கு போடுறேன், எனக்குத் தெரியாதுங்களா? சின்ன வயசுல காய்ச்சல் வந்து போனதுன்னு கேள்வி."

பிறகு நிர்வாகத்தாரில் மூத்தவர் அழகியமணவாளன் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்தார். "இல்லாத மூக்காலே என்னத்தை முகர்றது" என்று எழுந்துவிட்டார். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கைங்கரியம் போயிருக்கும்.

வெளியே வந்து கேட்டேன். "என்ன சாயபு, இப்படிச் சொல்லிவிட்டீரே?"

"அல்லா மன்னிப்பான் சாமி. உங்களுக்கு அப்புறம் அந்த ஆளு வந்தா எங்கிட்டயா சரக்கு வாங்கப் போறாரு? நீங்க கையால பாக்குறதுல ஏமாத்த முடியாதுதான், ஆனா பேரம் பேச மாட்டீங்க."

அதன்பின் ஆறு வருஷம் இதைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசவில்லை. வீதியில் என்னைக் கண்டால் அழகியமணவாளன், "அண்ணா, மடப்பள்ளியிலே ஏதோ தீயறது. உங்களுக்குச் சொன்னாத்தானே தெரியும்" என்பார். கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலைக்காரர்கள் ரசத்தின் வாசனையை எனக்கு விவரித்துச் சொன்னார்கள். புண்ணியவான்கள்.

போன மாதம் கைங்கரியம் முறைப்படி சௌரிராஜன் பேருக்கு மாறி, நிர்வாகத்தார் கையெழுத்தும் ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடிப் படத்தையும் கழற்றியாயிற்று. இனி நான் சொல்வதால் யாருக்கும் எதுவும் போகாது.

எனக்கு வாசனை தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். என் மூக்கு நன்றாக இருக்கிறது. பெருமாளுடைய பொருளை நான் ஒரு நாளும் முகர்ந்ததில்லை. பொன்மலையில் மூன்றாவது டப்பாவைத் திறந்தபோது எனக்கும் புனுகு வாசனைதான் வந்தது.