ஏழாவது கை

திறப்பு விழா நாலரைக்கு. மூன்றரைக்கே உட்துறைமுக வீதி மண்டபத்துக்குள் நுழைந்த பிரசாந்தினி, தன்னுடைய முதல் படத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

படத்தில் ஒரு கை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, அவ்வளவுதான். அவள் வரைந்த பதினொரு படங்களும் அப்படித்தான். பதினொரு பெண்கள், ஆளுக்கொரு கை. முகமில்லை, பெயரில்லை, ஊரில்லை. அட்டை என்று எதையும் அவள் எழுதிக் கொடுக்கவுமில்லை. இப்போது பார்த்தால், மூன்று மொழியிலும் அழகாக அச்சடித்து 'தமிழ்ப் பெண்' என்று ஒட்டியிருந்தது. அடுத்த படத்தில் 'சிங்களப் பெண்'. அதற்கடுத்ததில் 'முஸ்லிம் பெண்'. கடையில் சீனிக்கும் பருப்புக்கும் ஒட்டுகிற மாதிரி ஒட்டி வைத்திருந்தார்கள்.

இந்தக் கைகளுக்காக இரண்டு வருஷம் அலைந்தவள் அவள். குச்சவெளியில் கருவாடு காயப்போடும் வாடிக்குள் இருந்திருக்கிறாள், தோப்பூர்ச் சந்தையில் மரக்கறிக்காரியோடு நின்றிருக்கிறாள், கிண்ணியாவில் வயல் வரம்பில் குந்தியிருக்கிறாள். நிறத்தைக் குழைத்து, எதிரே இருக்கும் பெண்ணின் கையிலேயே ஒரு பொட்டு வைப்பாள். பொட்டுத் தெரிந்தால் நிறம் பிழை. துடைத்துவிட்டுத் திரும்பவும் குழைப்பாள். வைத்த பொட்டு எங்கே என்று தேட வேண்டி வரும்போதுதான் படத்தில் தூரிகையை வைப்பாள். சிலருக்கு முப்பது நாற்பது பொட்டுக்கூடப் போயிருக்கிறது. முதலில் கூச்சப்பட்டுச் சிரித்த பெண்கள், பத்தாவது பொட்டில் கதைக்கத் தொடங்குவார்கள். கடைசியில் எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: "நான் ஆரெண்டு போடமாட்டியள்தானே?"

போடமாட்டேன் என்று பதினொரு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது அவளுக்கே நிம்மதியாக இருந்தது. ஈச்சிலம்பற்றில் பிறந்து, படிக்கவும் வேலைக்குமாக அவள் போன இடமெல்லாம் முதல் கேள்வி "நீங்க என்ன ஆக்கள்?" என்பதுதான். அடுத்தது "கலியாணம் முடிச்சிட்டியளோ?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த தனஞ்சயனிடம் நேரே போனாள். கண்காட்சியை நடத்துகிற நல்லிணக்க அமைப்புக்கு அவர்தான் பொறுப்பு.

"அண்ணை, உந்த அட்டையளை ஆர் ஒட்டினது?"

"நான்தான் தங்கச்சி. வடிவாயிருக்கெல்லோ?" என்றார் அவர். "நல்லிணக்கம் எண்டு பேர் போட்டிட்டு ஆர் ஆர் எண்டு சொல்லாட்டி, வாற ஆக்களுக்கு என்னெண்டு விளங்கும்? நாலு தமிழ், நாலு முஸ்லிம், மூண்டு சிங்களம். அளவாப் பிரிச்சிருக்கிறன்."

"எது ஆற்ற கையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இதை ஒராள் சொல்லவும் வேணுமோ? கையைப் பாத்தாத் தெரியாதோ?"

பார்த்துத் தெரிந்துகொண்ட இலட்சணத்தைக் கேளுங்கள். நோன்பு பிடித்துக்கொண்டு நெல் வெட்டிக் கறுத்த கிண்ணியாக்காரியின் கை 'தமிழ்' ஆகியிருந்தது. திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத ஒரு வங்கிக்காரியின் வெள்ளைக் கை 'சிங்களம்'. பதினொன்றில் எட்டுப் பிழை. சரியாக வந்த மூன்றும் குருட்டாம்போக்கில் வந்தவை.

ஏழாவது படத்தின் முன்னால் வந்த பிரசாந்தினி அட்டையை இரண்டு தரம் வாசித்தாள். மணிக்கட்டுக்கு மேலே அப்பம் சுடும் தாச்சிச் சட்டி பட்ட தழும்போடு இருந்த அந்தக் கைக்குக் கீழே 'முஸ்லிம் பெண்' என்று இருந்தது. அது தனஞ்சயனின் மனைவி சோபனாவின் கை.

நானும் படத்துக்கு இருக்கட்டுமா என்று சோபனா முதலில் கணவரிடம்தான் கேட்டிருக்கிறாள். "எங்கட வீட்டுப் பொம்பிளையள் உதுக்கெல்லாம் இருக்கிறேல்லை" என்று அவர் சொல்லியிருக்கிறார். மற்றவர் வீட்டுப் பெண்கள் சிலரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டவர் இதே மனுசன்தான். மகளை ரியூசனுக்கு விட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் நாலு பின்னேரம் உவர்மலைக்கு வந்து, பிரசாந்தினியின் வீட்டு விறாந்தையில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள் சோபனா.

அண்ணை, அது உங்கட மனுசியின்ர கை. இந்த ஒரு வசனம் போதும், ஆள் அந்த இடத்திலேயே சுருண்டிருப்பார். வசனம் பிரசாந்தினியின் பல்லுக்குப் பின்னால் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாக்கு வாக்குத்தான். விழுங்கிக்கொண்டு, முதல் படத்துக்குத் திரும்பிப் போய் அட்டையைக் கிழித்தாள். இரண்டாவதையும் கிழித்தாள். மூன்றாவதில் கை வைத்தபோது தனஞ்சயன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"உமக்கென்ன விசரோ? அட்டை இல்லாட்டி விழா இல்லை. கதவைப் பூட்டிப்போட்டுப் போயிடுவன்!"

"பூட்டுங்கோ. அந்தப் பெண்டுகளுக்கு நான் சொல்லு குடுத்தனான். அவையளை இனம் பிரிச்சு அடுக்க ஏலாது."

"இரண்டு வருஷம் பட்ட பாடெல்லாம் வீணாப் போகும், பாத்துக்கொள்ளும்!"

அது அவளுக்குத் தெரியாதா? இருந்தும் மூன்றாவதையும் கிழித்தாள். அந்த நேரம் பார்த்துச் சோபனா பட்டுச்சேலையோடு உள்ளே வந்தாள். பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தனஞ்சயன் உடனே குரலை மாற்றிக்கொண்டு மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். எதைக் காட்டினார்? ஏழாவது படத்தைத்தான்.

"நீரே சொல்லும் சோபனா. இதைப் பாத்தா ஆரெண்டு தெரியாதோ?"

சோபனா அட்டையை வாசித்தாள். "உங்களுக்குத் தெரியுதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியாமல் என்ன? முஸ்லிம் பொம்பிளை. வீட்டோட சும்மா இருக்கிறவ. பெரிசா வேலைவெட்டி செய்த கையில்லை."

பிரசாந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். அட்டை கிழிகிற சத்தம் கேட்டுத்தான் திறந்தாள். கிழித்தவள் சோபனா.

"இஞ்சேருங்கோ. அது என்ர கை. பன்ரெண்டு வருஷமா உங்களுக்குச் சோறு போட்டுக் கோப்பை கழுவுற கை."

தனஞ்சயன் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு இருவரையும் விட்டுவிட்டுப் பிரசாந்தினியின் பக்கம் திரும்பினார்.

"உண்மையோ தங்கச்சி?"

அட்டையைப் பார்த்தபோது வந்த கோபம் இப்போது வந்த கோபத்தின் கால்தூசுக்கும் காணாது. கட்டிய மனைவி இரண்டு அடி தூரத்தில் நின்று தன் வாயால் சொல்கிறாள், இந்த மனுசனுக்கு அதற்கு இன்னொருவர் அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்றாள் பிரசாந்தினி. வெளியே வீதியில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். "அங்க நிக்கிறா. அவவின்ர முகத்தைப் பாத்துக் கேளுங்கோ!"